வகுபடாத எண்

எங்கள் வீட்டில் கல்யாணமாகாத பெண்ணைத் தனியாகப் பஸ் ஏற்ற மாட்டார்கள். கூட ஒரு வாண்டை அனுப்பினால் ஊர் வாயை அடைத்துவிடலாம் என்று நம்பினார்கள். அப்படித்தான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், பி.எஸ்ஸி. கணக்கு முடித்த என் சித்திக்குக் காவலாக நான் சின்னமனூர்க் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன்.

வகுப்பு எடுத்த சாருக்குச் சித்தியிடம் பேச நிறைய இருந்தது. எனக்கோ கம்ப்யூட்டரில் இருந்த கார் ரேஸ் மேல்தான் கண். என் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு பந்தயம் வைத்தார். அவர் தரும் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணைக் கண்டுபிடித்தால் ஒரு மணி நேரம் விளையாடலாம். ஒன்றும், அதே எண்ணும் செல்லாது. முதல் நாள் 1001. 7ஐப் போட்டு நிமிஷத்தில் உடைத்தேன். மறுநாள் 9991. எப்படியோ 97ஐப் பிடித்துவிட்டேன். இரண்டு நாளும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து கார் ஓட்டினேன். சாரின் முகம் சுண்டிப்போனது.

மூன்றாம் நாள் வந்தது 999983. ஒற்றைப்படை, அதனால் இரண்டு ஆகாது. இலக்கங்களைக் கூட்டினால் 47, மூன்றும் போச்சு. ஏழால் வகுத்தால் மீதி ஐந்து.

"எது வரைக்கும் சார் பாக்கணும்?"

"ஆயிரம் வரைக்கும் போதும்மா. அதுக்கு மேல ஒண்ணு வகுத்தா, அதோட ஜோடி ஆயிரத்துக்குள்ள இருந்தே ஆகணும்ல."

அதிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதுமாம். மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. சித்தியே பட்டியல் போட்டுக் கொடுத்தாள். எவ்வளவு நல்ல சித்தி! ஒரு நாளைக்கு எட்டு வீதம் இருபத்தொரு நாள், வாசல் பெஞ்சில் நோட்டும் கையுமாக வகுத்துத் தள்ளினேன்.

கடைசி எண் 997. மீதி 989. எதுவுமே வகுக்கவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நியாயம் கேட்டுத் தாத்தாவிடம் நோட்டை நீட்டினேன்.

"இருவத்தோரு நாளா வெளிய ஒக்காந்து இதத்தான் வகுத்தியாத்தா? அப்ப ஒஞ் சித்தி?"

"சித்தியும் சாரும் உள்ள பேசிச் சிரிச்சுக்கிட்டு இருப்பாக தாத்தா."

தாத்தா நோட்டை மூடி வைத்தார். மறுநாளிலிருந்து வகுப்பு நின்றது. வேறு மாப்பிள்ளை பார்க்கப் போடிக்கு ஆள் போனது. சித்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சார் தம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். தாத்தா உறுமினார், குடும்பம் கோத்திரமெல்லாம் விசாரித்தார், கடைசியில் காபி கொண்டுவரச் சொன்னார். ஆவணியில் கல்யாணம்.

என் கோபம் மட்டும் ஆறவில்லை. மணமேடையில் கூட்டம் குறைந்ததும் புதுச் சித்தப்பாவிடம் நேராகப் போய்க் கேட்டேன்.

"வகுபடாத எண்ணக் குடுத்து என்னிய ஏமாத்துனீகள்ல?"

"நானாம்மா? நான் குடுத்த ரெண்டையுந்தான் நீ ஒடைச்சிட்டியே. மூணாவது, ஒஞ் சித்தி எழுதிக் குடுத்தது."

கல்யாணத்தன்றே இப்படிப் பொய் சொல்கிறாரே என்று சித்தியைப் பார்த்தேன். அவள் தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், எங்களையெல்லாம் விட்டுப் போகிற துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து, என் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.