நான் விலை போட்ட புடவை

கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். ஐம்பத்துநான்கு வயதில், நாலு புத்தகம் படித்தவன் என்ற பெயரோடு, இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நடந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஆடி மாதம், காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவர் தீயணைப்பு வீரர். முசரவாக்கம் பக்கம் ஒரு கிணற்றில் தூர்வார இறங்கிய இருவர் விஷவாயுவில் மயங்கிவிட, மீட்கப் போன குழுவில் முதலில் இறங்கியவர் அவர். இருவரையும் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிவிட்டார். அவரைத்தான் உயிரோடு மேலே கொண்டுவர முடியவில்லை. செய்தி வந்த அன்று நானும் அழுதேன். அந்த அழுகையில் கலப்படம் இல்லை.

கலப்படம் சில நாள் கழித்துத் தொடங்கியது. துக்கம் விசாரிக்கப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று தெருவுக்கு அவசரமாகத் தார் போட்டார்கள். அந்தத் தாருக்காக ஏழு வருடம் மனு எழுதியவன் நான். அதுவோ சரியாக அவர் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. என் வீட்டு வாசலில் பழைய பள்ளம் பத்திரமாக இருந்தது. அடுத்து நிவாரணத் தொகை அறிவித்தார்கள். அதற்கடுத்து, மனைவிக்குக் கருணை அடிப்படையில் அரசு வேலை கிடைக்கும் என்று பேச்சு வந்தது. என் மகன் பொறியியல் முடித்து, மூன்று முறை அரசுத் தேர்வு எழுதி, நான்காம் முறைக்காக மொட்டைமாடியில் நடந்துகொண்டே படிக்கிறவன். அவன் காலடிச் சத்தம் தலைக்கு மேல் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அந்த வீட்டிலிருந்து போனதை வசதியாக மறந்துவிட்டு, வந்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில், தறியிலிருந்து இறங்கி வரும் பட்டுப் புடவைகளைப் பிரித்துப் பார்த்து, குறை கண்டுபிடித்து, விலை போடுகிறவன். இருபத்தாறு வருடமாகக் குறை காண்பதற்கே சம்பளம் வாங்கினால் குணம் எப்படி இருக்கும்?

நிவாரணக் காசோலை வாங்கும் படம் செய்தித்தாளில் வந்தது. டீக்கடையில் எல்லோரும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நான் புடவையைப் பார்த்தேன். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சளில் கரை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புத்தம்புதுசு, பதினெட்டாயிரத்துக்குக் குறையாது என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் பட்டு விஷயத்தில் என் தீர்ப்புக்கு எங்கள் தெருவில் மேல்முறையீடு கிடையாது.

அந்தத் தீர்ப்பு பஸ் ஏறி வாலாஜாபாத் போனது. இறந்தவரின் அம்மா அப்போது அங்கே மகள் வீட்டில் இருந்தார்.

சில வாரம் கழித்து அந்தப் பெண் என் மனைவியைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலைக்கு மனுப் போட, மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வேண்டுமாம். மாமியாரும் வாரிசு. அவர் ஊரிலிருந்து திரும்பியதும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். காசோலைப் பணம் வீட்டுக் கடனுக்கே போதவில்லை. பெண் குழந்தை ஏழாம் வகுப்பு படிக்கிறது. இந்த வேலையும் இல்லையென்றால் வீடு நிற்காது.

“ரெண்டு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள புதுப்பட்டு கேக்குதான்றாங்கக்கா” என்றாள்.

“எந்தப் புதுப்பட்டு? அது என்னுதாச்சே” என்றாள் என் மனைவி.

பீரோ சாவியை மாமியார் மறதியாக வாலாஜாபாத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். காசோலை தரும் அன்று காலையில் திடீரென்று, பத்து மணிக்குள் கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொல்லிப் போன் வந்திருக்கிறது. என் மனைவி தன் புடவையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு நான் வாங்கித் தந்த புடவை. அதைக் கட்டிக்கொண்டு நாலு கல்யாணத்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் பந்தியைக் கவனித்திருப்பேன்.

“புதுசுன்னு எவன் சொன்னான்?” என்று மனைவி கேட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. என் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். என் மனைவிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

புடவையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, என்னை முன்னால் விட்டு அந்த மாமியாரிடம் நடத்திக்கொண்டு போனாள். அந்த அம்மாவிடம், நான்தான் சொன்னேன், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் புடவையை மடியில் வாங்கிப் பிரித்தார். பல வருடம் தறியில் உட்கார்ந்த கை. நேராக முந்தானையில் ஒரு ஜரிகை இழை விட்டுப்போன இடத்தில் போய் நின்றது. அந்தக் குறைக்காகத்தான் சங்கம் அதைத் தள்ளி வைத்தது. அதனால்தான் எனக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. அங்கே குறையைக் காட்ட நான் அன்று பென்சிலால் போட்ட சுழி இன்னும் மங்கலாக இருந்தது.

“இத்த நீதான சுழிச்ச? அப்பறம் ஏம்பா அப்டி சொன்ன?”

சொல்ல நாலைந்து சமாதானம் தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “பொறாமைதாம்மா. எம் பையனுக்கு இன்னும் வேல இல்ல.”

அவர் புடவையை மடித்தார். அவசரமே படவில்லை.

“எம்புள்ள கெணத்துல எறங்கசொல்ல, உள்ள கெடக்கறவன் என்னா வெல பெறுவான்னு பாக்கலப்பா” என்றார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, “அந்தக் காயிதத்தக் குடு” என்றார்.

வேலை உத்தரவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது அந்தப் பெண் தினமும் காலையில் ஸ்கூட்டரில் ஆபீசுக்குப் போகிறாள். வழுவழுப்பான அந்தத் தாரில் வண்டி போவதைப் பார்த்தால், பொய் சொல்வானேன், இன்றைக்கும் வயிற்றில் லேசாக ஒரு சூடு கிளம்பும். உடனே அந்தப் பென்சில் சுழி ஞாபகத்துக்கு வந்துவிடும். அடுத்தவர் வீட்டில் எதற்கும் விலை போடாமல் வாயை மூடிக்கொள்ள எனக்கு அது போதும்.

அன்று வீடு திரும்பும்போது, மூன்று பெண்களுக்கு முன்னால் உண்மையை ஒப்புக்கொண்டதற்கு ஒரு வார்த்தை பாராட்டுவாள் என்று என் மனைவியைப் பார்த்தேன். எங்கள் வாசல் பள்ளத்தைத் தாண்டிக்கொண்டே கேட்டாள்: “எனக்குத் தர்றப்ப ஆறாயிரம்னீங்க. அடுத்தவ கட்னாதான் உங்க கண்ணுக்கு அது பதினெட்டாயிரமா?”