எந்த இடத்தில் சிரித்தீர்கள்?

மொன்றியலில் பனி முழங்கால் மட்டும் நிற்கிற மாசி மாதத்திலும் நீக்கிலாப்பிள்ளை குடையோடுதான் மாதா கோயிலுக்கு வருவார். பனிக்குக் குடை பிடிக்கிற மனிதரை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை. "என்ன அண்ணை, குளிர் எப்பிடி?" என்று யாராவது கேட்டால், மூக்கு நுனி நீலம் பாரித்திருக்க, "அவ்வளவு மோசமில்லை" என்பார். பன்னிரண்டு வருடம் லண்டனில் இருந்தவன் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

பாசையூரில் பிறந்து, எண்பத்தாறில் லண்டன் போய், அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, பிறகு மனைவி சிசிலியின் தமையன்மார் எல்லாரும் இங்கே என்பதால் இங்கே வந்து சேர்ந்தவர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயம் படிப்பிக்கிற வளாகத்தில், பண்டகசாலை வேலை. பிள்ளைகளுக்கு றப்பர் சப்பாத்தும் விதைப் பையும் எடுத்துக் கொடுப்பார். மொன்றியல் தீவின் மேற்கு நுனிக்குப் போய்ச் சேர 211ஆம் பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அது சம்பளத்துக்கான வேலை. அவருடைய உண்மையான உத்தியோகம் வேறு. பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைகளைச் சனத்துக்குச் சிபாரிசு செய்வது.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோயில் பேஸ்மென்ற்றில் தேத்தண்ணியும் ரோல்ஸும் நடக்கும்போது அவருடைய கோட்டின் உள்பொக்கற்றிலிருந்து ஒரு டிவிடி வெளியே வரும். லண்டனில் இருக்கிற மருமகன் மாதம் ஒன்று அனுப்புவான். ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார். வேலை போனவனுக்கு, ஒருவருமே சாகாத ஊரில் சவப்பெட்டிக் கடை போட்ட இரண்டு சகோதரர்களின் கதை. மாமியார் வந்து தங்கியிருக்கிற வீட்டுக்கு, ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான்களைக் காக்கிற அலுவலகக் கதை. புதிதாய்க் கலியாணம் கட்டியவர்களுக்கு, 'ரெயின் அட் பிளெட்பரி' என்று ஒரு தொடர். அதில் ஒரு கிரிக்கெட் கழகம், முப்பது வாரமும் மழையால் ஒரு பந்துகூடப் போடாமல் இருக்கும். "பொறுமை பழகட்டும்" என்பார். டொக்டர் மருந்து எழுதுகிற முகம்.

தமிழ்ப் படத்துச் சிரிப்பு அவருக்கு ஆகாது. "அடி வாங்கிறதும் வழுக்கி விழுகிறதும் ஒரு சிரிப்போ? அங்கை ஒருத்தரும் விழமாட்டினம். மானம் மட்டும்தான் விழும்."

இரண்டு கிழமை பொறுத்து டிவிடித் தட்டு திரும்பி வரும். அப்போது அவர் ஒரே கேள்விதான் கேட்பார். "எந்த இடத்திலை சிரிச்சனியள்?"

"எந்த இடமெண்டு சொல்லுறது அண்ணை, முழுக்கச் சிரிப்புத்தான்" என்பார் அல்பேட்.

"வயிறு நொந்து போச்சுது" என்பார் யோகேந்திரன்.

நீக்கிலாப்பிள்ளை தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு அடுத்த தட்டை எடுப்பார். இப்படி ஆறு வருடம்.

அவர் சிரிக்கப் பழகிய கதையைச் சிசிலிக்குக்கூடச் சொன்னதில்லை. லண்டனில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரி மிஸிஸ் டொட், வியாழக்கிழமைகளில் அவரைக் கீழே கூப்பிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்துவாள். முதல் வருடம் ஒரு வசனமும் பிடிபடவில்லை. பெட்டிக்குள் முகம் காட்டாத சனம் சிரிக்கும். மிஸிஸ் டொட் சிரிப்பாள். அரை நொடி பிந்தி இவர் சிரிப்பார். "பிடித்ததா?" என்று கேட்பாள். "மிகவும் வேடிக்கை" என்பார். இரண்டாம் வருடம் அரை நொடி பிந்துவது நின்றது. பிறகு, சனம் சிரிக்க முதலே சிரிக்கிற அளவுக்குத் தேறினார். எப்போது உண்மையாகச் சிரிப்பு வரத் தொடங்கியது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வந்ததா என்பதும்.

இரண்டாயிரத்து ஐந்தில் கோயில் பங்கின் பத்தாண்டு மலர் போடுவதாகத் தீர்மானமாயிற்று. செயலாளர் அன்டன் தேத்தண்ணிக் கோப்பையோடு அவரிடம் வந்தான். கர்க்லாண்டில் இரட்டைக் கராஜ் வீடு, காப்புறுதி விற்கிற வாய். ஆரோடும் அவன் முரண்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

"அண்ணை, மலருக்கு உங்கட ரெண்டு பக்கம் வேணும். 'பார்க்க வேண்டிய பிரிட்டிஷ் நகைச்சுவைகள்.' உங்களை விட்டா ஆர் எழுதுறது?"

மரண அறிவித்தலில்தான் தன் பெயர் அச்சேறும் என்று இருந்த மனிதர் அன்று ரோல்ஸை எடுக்காமலே வீட்டுக்குப் போனார். 211இல் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம், ஒரு கிழமை யோசித்து முதல் வசனத்தை எழுதினார்: 'இத்தொடர்களைப் பார்த்து எமது பங்கு மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள் என்பதற்கு நானே சாட்சி.' அந்த வசனம் அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றால் போதும்.

அந்தக் கிழமைதான் செலீன் என்பவள் தான் வாங்கிப்போன தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். மன்னார்க்காரி, நாற்பது வயது, டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் நாள் முழுக்க வெங்காயம் வெட்டுகிறவள். பங்குக்குப் புதிது. ஊர் வழக்கம் இன்னும் பிடிபடவில்லை. ஒரே கிழமையில் திருப்பியது முதல் குற்றம்.

"எந்த இடத்திலை சிரிச்சனீங்கள் பிள்ளை?"

"ஒரு இடத்திலையும் இல்லை அண்ணை. இது ஓடேல்லை."

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் அந்த நேரம் பார்த்துத் தங்கள் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"உங்கட மிசின் பழுதாயிருக்கும்."

"மற்றச் சீடியெல்லாம் ஓடுது. இதைப் போட்டா, இந்த நாட்டிலை பாக்கேலாதெண்டு எழுத்து வருது."

"அன்டன் வீட்டிலை ஓடினதே! அல்பேட் வீட்டிலை ஓடினதே!" நீக்கிலாப்பிள்ளை திரும்பினார். "என்ன அன்டன்?"

"சோக்கா ஓடிச்சுது அண்ணை" என்றான் அன்டன். "வயிறு நொந்து போச்சுது."

அன்று பின்னேரம் மலர்க் குழுவின் கூட்டம் அன்டன் வீட்டில். சுவரில் பாதியை மறைக்கிற தொலைக்காட்சி, நாலு மூலையிலும் ஒலிபெருக்கி, அவற்றின் கீழே பளபளவென்று ஒரு யப்பான் மிசின். நீக்கிலாப்பிள்ளை சால்வையைக் கழற்ற முதலே கோட்டுப் பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்தார்.

"இதை ஒருக்காப் போடும் அன்டன். அந்தப் பிள்ளைக்கு வாற ஞாயிறு சொல்லவேணும், ஓடுதெண்டு."

"கூட்டம் முடியட்டுமே அண்ணை."

"ரெண்டு நிமிசம்."

"ரிமோட்டுக்கு பற்றறி இல்லைப் போலை."

"இருக்கு, நேற்றுத்தானே போட்டனான்" என்று சமையலறையிலிருந்து வந்த அன்டனின் மனைவி றொசானா ரிமோட்டை எடுத்துக் கொடுத்தாள். தட்டு உள்ளே போனது. சுவரளவு நீலம். நடுவில் வெள்ளை எழுத்து: இந்தத் தட்டு இந்தப் பிரதேசத்துக்கு உரியதல்ல.

"சனியன், இண்டைக்கெண்டு பழுதாப் போச்சு" என்றான் அன்டன்.

"இது முந்தியும் இப்பிடித்தானே காட்டினது? அண்ணையின்ர சீடி எல்லாத்துக்கும்" என்றாள் றொசானா. சொல்லிவிட்டுக் கணவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பற்றீஸ் எடுத்து வாறன்" என்று உள்ளே போய்விட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். இங்கிலாந்தில் விற்கிற தட்டை இந்தக் கண்டத்து நல்ல மிசின்கள் தொடமாட்டா. நீக்கிலாப்பிள்ளை வீட்டில் இருந்தது பெயரில்லாத ஒரு சீன மிசின். அகப்பட்ட மலிவில் சிசிலி வாங்கி வந்தது. அதற்குத் தேச பேதம் கிடையாது, போட்டதெல்லாம் ஓடும். எல்லா வீட்டு மிசினும் அப்படித்தான் என்று அவர் நம்பியிருந்தார். ஆறு வருடமாகப் பங்கு மக்கள் நீலத் திரையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்கள். சாட்சி அவரேதான்.

அன்டன் வீட்டுப் பற்றீஸை அவர் தொடவில்லை. வீடு திரும்பும்போது பஸ்ஸில் அந்த வசனத்தை வெட்டினார். வெட்டிய இடத்தில் வைக்க வேறொன்றும் கிடைக்கவில்லை. ஒருவரும் பாராத சாமானை ஆருக்குச் சிபாரிசு செய்வது? ஒருவேளை அல்பேட்டாவது பார்த்திருப்பார். அவர் வீட்டிலும் மலிவு மிசின்தான். அந்த நப்பாசையை விட அவருக்கு மனமில்லை.

அடுத்த ஞாயிறு அல்பேட்டைத் தனியே பிடித்தார்.

"அல்பேட், பிளெட்பரியிலை அந்தக் குதிரை வாற இடம் எப்பிடி?"

பிளெட்பரியில் குதிரை இல்லை. முப்பது வாரத்திலும் ஒரு நாய்கூடக் கிடையாது.

அல்பேட் கண்ணை மூடித் திறந்தார். "ஐயோ, அந்தக் குதிரை! எழும்பி நிண்டு சிரிச்சனான் அண்ணை."

"அது உள்ளுக்கு வந்து நிக்கேக்கை..."

"அதைத்தான் சொல்லுறன். அதின்ர முழி!"

யோகேந்திரன் தானாகவே வந்து சேர்ந்தார். "குதிரையை விடுங்கோ, அதுக்குப் பேந்து வாற மனிசி. அவவின்ர நடிப்பு என்ன நடிப்பு!"

"ஓம், ஓம், மனிசி" என்றார் அல்பேட், சற்றுப் பொறாமையோடு.

நீக்கிலாப்பிள்ளை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒருவருடைய மனம் நோகக்கூடாது என்று இல்லாத குதிரைக்கு முழி வைத்துக் கொடுக்கிற இவர்களைத்தான் மருமகன் இத்தனை நாளும் நகைச்சுவை என்று தட்டில் அடைத்து அனுப்பிக்கொண்டிருந்தான் என்று அவருக்குத் தோன்றியது. மிஸிஸ் டொட்டின் சோபாவும் நினைவுக்கு வந்தது. அதை மட்டும் உடனே தள்ளிவிட்டார்.

கட்டுரையை ஒரே மூச்சில் எழுதி அன்டனிடம் கொடுத்தார். ஐந்து தொடர்கள். நாலாவது, 'மேயரின் குதிரை': 'ஒரு சிறு நகரத்தின் மேயர் தேர்தலில் தோற்கிறார், குதிரை வெல்கிறது. பார்க்காதவர் பிறந்தும் பயனில்லை.' அப்படி ஒரு தொடரை இங்கிலாந்தில் எவனும் எடுக்கவில்லை.

மலர் கார்த்திகையில் வெளியானது. பங்குச் சுவாமி ஆசீர்வதித்து முதல் பிரதியைக் கொடுத்தார். இரண்டாம் ஞாயிறே அன்டன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணை, நாலாவதைத் தேடிப் பிடிச்சுப் பாத்தம். அந்தக் குதிரை பேசிற பேச்சு!"

"பேசுமோ?" என்றார் நீக்கிலாப்பிள்ளை.

"பேசாமல் பேசும் அண்ணை. அதுதானே பிரிட்டிஷ்."

நத்தார்ப் பண்டிகைக்குள் ஒன்பது பேர் பார்த்து முடித்திருந்தார்கள். சுவாமி கடைசிக் காட்சியில் கண்கலங்கினாராம்.

செலீன் தை மாதத்தில் ஒரு நாள்தான் வந்தாள். கையில் மலர், அதே பழைய தட்டு, இன்னும் மூன்று.

"அண்ணை, நாலாவது எண்டு போட்டிருக்கிறீங்களே, அப்பிடி ஒண்டு உலகத்திலை இல்லை. வேலையிடத்துப் பொடியனைக் கொண்டு இன்ரநெற்றிலை தேடிப் பாத்தனான்."

"ஓம் பிள்ளை. இல்லை."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "அவன்தான் என்ர மிசினுக்கும் ரிமோட்டிலை ஏதோ இலக்கம் அடிச்சுவிட்டவன். இப்ப எல்லா நாட்டுச் சீடியும் ஓடுது. மற்ற நாலையும் சிசிலியக்காட்டை வாங்கிப் பாத்தனான். மூண்டுக்குச் சிரிப்பு வரேல்லை."

நீக்கிலாப்பிள்ளை கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். மூன்றுக்கு வரவில்லை என்றால் ஒன்றுக்கு வந்திருக்க வேண்டும். ஆறு வருடமாகக் கேட்டு வந்த கேள்வி இப்போது வாயில் வரத் தயங்கியது.

"எந்த இடத்திலை?"

"அந்தக் கிரிக்கெட்டிலை, ஏழாவதிலை. மழை பெய்யுது, எல்லாரும் போயிட்டினம். அந்தக் கிழவன் தனிய நிண்டு, நனைஞ்ச கதிரையளை ஒவ்வொண்டாத் துடைச்சுத் துடைச்சு மடிக்கிறான். மழை நிக்கேல்லை. அவனும் நிப்பாட்டேல்லை. எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு."

"அது சிரிக்கிற இடமில்லை பிள்ளை. சனமே சிரிக்காது அதிலை."

"சனம் சிரிச்சா என்ன, சிரிக்காட்டி என்ன? எனக்கு அதுதான் சிரிப்பு. எங்கட சமையலறையிலை ஒருத்தன் இருக்கிறான், அச்சு அசல்."

"கவலையான இடம் அது. நான் எத்தனை தரம் பாத்தனான்!"

"நல்லாப் பாருங்கோ அண்ணை" என்று தட்டுகளை அவர் கையில் வைத்துவிட்டு அவள் ரோல்ஸ் எடுக்கப் போனாள்.

அவர் குடையைக் கோயிலிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பாடு கேட்கவில்லை. ஏழாம் பகுதியைப் போட்டார். கிழவன் ஒரு கதிரையைத் துடைத்தான். மடித்தான். அடுத்ததைத் துடைத்தான். துடைத்த கதிரையில் மழை பெய்தது. பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. முந்திக்கொண்டு சிரித்துக் காட்ட அங்கே ஒருவரும் இல்லை. நாலாவது கதிரையில் அவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. ஐந்தாவதில் சிரிப்பு வந்தேவிட்டது.

சமையலறையிலிருந்து சிசிலி எட்டிப் பார்த்தாள். இத்தனை வருடமும் அந்தப் பெட்டிச் சனத்தின் சிரிப்பையும் புருசனின் சிரிப்பையும் சேர்த்தே கேட்டுக்கொண்டு கறி காய்ச்சிய காது அவளுக்கு.

"என்ன, மிசின் பழுதாப் போச்சோ?" என்றாள். "சனத்தின்ர சத்தத்தைக் காணேல்லை. நீங்கள் மட்டும் சிரிக்கிறியள்."