வாசல் வரைக்கும்தான் ஒத்திகை

மாதம் ஒருமுறை மனைவி மயங்கி விழுவதைப் பார்த்து அலுத்துக்கொண்ட கணவர் யாராவது உண்டென்றால் அது நம் தையல்காரர்தான். கல்நெஞ்சக்காரர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த அம்மாள் விழுவதெல்லாம் ஒத்திகைக்கு. ஒரு மாதம் சமையலறையில் விழுவார், ஒரு மாதம் குளியலறை வாசலில். ஒருமுறை, இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்த சட்டைகளின் மேலேயே விழுந்தார். அன்றைக்குத் தையல்காரருக்குத்தான் மயக்கம் வரப் பார்த்தது.

அம்மாளுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலை. தெருவுக்கே அவர் வேன்காரம்மா. வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும், அழுது வடியாமல் நேரே ஓட்டுநர் பள்ளிக்குப் போனவர். இந்த வயசில் ஸ்டியரிங்கா என்று சிரித்தவர்கள் எல்லாம் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளை அவர் வேனில்தான் ஏற்றிவிடுகிறார்கள். வேனில் தீயணைக்கும் சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, கண்ணாடி உடைக்கிற சுத்தியல் எல்லாம் இருக்கும். வண்டிக்கு இத்தனை வேண்டுமென்றால் வீட்டுக்கு வேண்டாமா என்பது அவர் கட்சி.

வீட்டு ஒத்திகைக்குக் காரணம் ஒரு தலையணை. பல வருஷங்களுக்கு முன்னால் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தது. "கேஸை மூடுங்க!" என்று அம்மாள் கத்தினார். தையல்காரர் வீடு முழுக்கச் சுற்றி ஓடி, கடைசியில் ஒரு தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தெருவில் போய் நின்றார். ஏன் தலையணை என்று அவருக்கே இன்றுவரை தெரியாது. தட்டைப் போட்டுச் சட்டியை மூடி, கேஸையும் அடைத்துவிட்டு வெளியே வந்த அம்மாள், நடுங்கிக்கொண்டிருந்த அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னவன் அம்மாளின் தம்பி. அன்றிலிருந்து அவன் வாயில் அவர் பெயர் 'தலையணை மாமா'. மனுஷன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார், ஆனால் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும். நாளைக்கு நிஜமாகவே ஒன்று நடந்தால் மறுபடியும் தலையணையோடுதான் நிற்பேனோ என்ற பயம் அவரை விடவே இல்லை.

"பதட்டம் மூளைக்குத்தாங்க வரும். கைக்குப் பழக்கம் இருந்தா அது பாட்டுக்கு வேலை செய்யும்" என்றார் அம்மாள். சொன்னதோடு நிற்காமல் அவரையே ஒரு சிவப்புப் பை தைக்க வைத்தார். டார்ச்சுக்கு ஒரு அறை, தினமும் போடுகிற மாத்திரை அட்டைக்கு ஒரு அறை, அடையாள அட்டை நகல்களுக்கு, மாற்றுச் சாவிக்கு, சார்ஜருக்கு என்று ஆளுக்கொரு அறை. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப் பழக வேண்டும். குடத்தில் தண்ணீர் அரைக்குக் கீழே இறங்கக் கூடாது, டார்ச்சின் பேட்டரிக் கட்டையை எடுத்து டிவி ரிமோட்டில் போடக் கூடாது. ஒருமுறை தெருக் குழாய் உடைந்து ஊரே தண்ணீருக்குத் திண்டாடியபோது அக்கம்பக்கத்தார் இவர்கள் வீட்டு வாசலில்தான் வரிசை கட்டினார்கள். கிண்டலடித்த தம்பியும் வாளியோடு அந்த வரிசையில் நின்றான்.

அம்மாள் போட்ட சட்டங்களிலேயே கறாரானது ஒன்று உண்டு. யார் விழுந்தாலும், எது நடந்தாலும், இது நிஜமா ஒத்திகையா என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். ஆரம்பத்தில் தையல்காரர் வாயைக் கட்ட முடியாமல் மூன்று வாரம் தொடர்ந்து கழுவினார். அதற்குப் பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்.

அதோடு விட்டாரா? "வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு நான். நானே விழுந்தா?" என்று கேட்டு, மைதானத்துக்கு இழுத்துப் போய் வேன் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார். ஒத்திகை ஒவ்வொன்றும் ஆஸ்பத்திரி வாசல் வரை போகும். அங்கே, பின் சீட்டில் மயங்கிக் கிடக்கிற அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "போதும், திருப்புங்க" என்பார். எதிர்க் கடையில் மகளையும் சேர்த்து மூன்று பேரும் டீ குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

அன்றைக்குக் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்த அம்மாள், வேன் சாவியை ஆணியில் மாட்டப் போனார். சாவி கீழே விழுந்தது. குனிந்தார், எடுக்கவில்லை. தையல் மிஷின் பக்கத்தில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "கை... க்கை..." என்று என்னவோ குழறினார்.

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இன்னைக்கேவா? சாயங்காலம் கோட்டு குடுக்கணும்மா, அந்த ஆளு வந்து நிப்பாரு."

பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் உள்ளிருந்து வந்தாள். அம்மா முன்னால் மண்டியிட்டு, முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு கையையும் தூக்கும்மா." ஒன்று மேலே வந்தது, ஒன்று தொப்பென்று விழுந்தது. அவள் எழுந்து சாதாரணமாகச் சொன்னாள். "பக்கவாதம்ப்பா. ஆரம்பிங்க."

"வாயைப் போன தடவையை விட நல்லாவே கோணுறா. தேறிட்டா" என்றார் தையல்காரர். இந்த வார்த்தையைப் பிற்பாடு எத்தனை தடவை நினைத்து நொந்துகொண்டாரோ தெரியாது. ஆனால் வாய்தான் புலம்பியது, கை தன் வேலையைப் பார்த்தது. கடிகாரத்தைப் பார்த்து மணியை உரக்கச் சொன்னார், மகள் திருப்பிச் சொன்னாள். கேஸை மூடினார். தண்ணீர்ச் சொம்பைத் தொடவே இல்லை, இந்த நிலையில் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்பது பாடம். சிவப்புப் பை தோளில் ஏறியது. நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேருமாகத் தூக்கி வேனில் படுக்க வைத்தார்கள்.

அம்மாள் அன்றைக்கு ஒரேயடியாகக் கனத்தார். சந்தேகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. வாய்வரைக்கும் வந்த கேள்வியைப் பாத்திரத்தை நினைத்து விழுங்கிவிட்டார். வழி முழுக்கக் கோட்டைப் பற்றியும், கோட்டுக்காரரின் முன்கோபத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே ஓட்டினார். நன்றாக ஓட்டினார், அதுவரை அவ்வளவு நன்றாக ஓட்டியதே இல்லை.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. வேனை நிறுத்தினார்.

"வந்தாச்சும்மா. சொல்லு."

அம்மாள் சொல்லவில்லை. தையல்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மகள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கோணிய வாயோரம் எச்சில் வழிந்தது. திறந்திருந்த கண்கள் அவரையே பார்த்தன.

"நிஜமா?" என்றார்.

"நிஜம்ப்பா."

எதையாவது கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் அவருக்குக் கை பரபரத்தது. வாசல் வரைக்கும்தான் மனைவி சொல்லிக் கொடுத்திருந்தார். வாசலுக்கு உள்ளே என்ன செய்வதென்று ஒருநாளும் பழகியதில்லை, சொல்லித் தர வேண்டியவர் பின் சீட்டில் பேச்சில்லாமல் கிடக்கிறார். தோளில் இருந்த பைதான் கைக்கு அகப்பட்டது. தானே தைத்த பை. அதை இறுக்கிப் பிடித்தார். இல்லை, இன்னொரு தடவை தெருவில் நிற்க மாட்டேன் என்று முடிவு செய்தார்.

ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. காவலாளி ஓடி வந்து, "ஸ்கூல் வேனெல்லாம் உள்ள விடக் கூடாது, ஓரமா போடுங்க" என்றார்.

"கேட்டைத் தொறய்யா! உள்ள கெடக்கிறது என் பொண்டாட்டி!"

மகள் பிறந்ததிலிருந்து கேட்டறியாத குரல் அது. கேட் திறந்தது.

டாக்டர் கேட்க, கழுத்தில் அளவு நாடாவோடு நின்று அவர் பதில் சொன்னார். எப்போது ஆரம்பித்தது? சொன்னார். தண்ணீர் கொடுத்தீர்களா? இல்லை. என்ன மாத்திரை போடுகிறார்? பையைப் பார்க்காமலே கை அட்டையை எடுத்து நீட்டியது. ஒரு கேள்விக்கும் திக்கவில்லை. அம்மாளைத் தள்ளிக்கொண்டு போன பிறகுதான் சுவரோடு சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

மருந்து போடக் கூடிய நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள், பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் வந்து சொன்னார். மகள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"கை விழுந்தப்பவே."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க வண்டி ஓட்டியிருப்பீங்களாப்பா?"

தையல்காரர் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அம்மாளுக்குப் பேச்சு உடனே வரவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு எழுத்து சொன்னால் இவர் பிடிவாதமாகப் பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பார். பந்தை அமுக்கச் சொன்னால், போதும் என்று அந்தப் பெண் கெஞ்சும்வரை அமுக்குவார். ஒருநாள் தம்பி பார்க்க வந்தான். "இனிமே உங்களைத் தலையணைன்னு கூப்பிட்டா என்னை நீங்க செருப்பால அடிங்க மாமா" என்றான். அப்போது அம்மாள் நல்ல கையால் கணவரைக் கிட்டே கூப்பிட்டார். முகத்தில் ஏதோ முக்கியமான விஷயம் இருந்தது. தையல்காரர் காதைக் கொண்டுபோனார்.

"வாச...ல்ல... கேட்டீங்க."

"என்னம்மா கேட்டேன்?"

"நிஜமான்னு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு... வாரம்... பாத்திரம்."

தையல்காரருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "நீ எழுந்து வீட்டுக்கு வா தாயி, ஆயுசுக்கும் நானே கழுவுறேன்!"

அம்மாள் தலையை ஆட்டி மறுத்தார்.

"ஒரு வாரம்தான்" என்றார், இந்தத் தடவை குழறாமல். "அடுத்த மாசம்... ஒத்திகை. உள்ள வரைக்கும்."