வங்கிக்கும் வேண்டும் ஓர் அடையாளச் சான்று

சென்ற கோடையில் ஒரு வங்கிக் கிளையில் ஆறு வாரம் பயிற்சி பெற்றேன். அங்கிருந்தபோது என்மீது ஒரு புகார் வந்தது. புகார் கொடுத்தவர் அதற்கு முன் என்னைப் பார்த்ததே இல்லை. அடுத்த ஆண்டு பயிற்சிக்குச் செல்லவிருக்கும் எங்கள் துறையின் இளைய மாணவியர், "தமிழ் படித்துவிட்டு வங்கியில் அப்படி என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்பதால், அந்தப் புகாரின் கதையை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. கொடுத்த வேலை

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை செல்லும் சாலையில் இருந்தது அந்தக் கிளை. முதல் நாள் காலையில் மேலாளர் என் கல்லூரிக் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தமிழ் இலக்கியமா? அப்ப நல்லாப் பேசுவ."

நான் வீட்டிலேயே அதிகம் பேசாதவள். அதை அவரிடம் சொல்வதற்கும் பேச வேண்டியிருந்ததால் சொல்லவில்லை.

எனக்குக் கிடைத்தது போன் வேலை. வாடிக்கையாளர் இன்னார்தான் என்பதை வங்கி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கே.ஒய்.சி. என்பார்கள். முகவரி மாறாதவர்கள் நேரில் வந்து ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் போதும். தாயில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பலர் இதைச் செய்யாமல் இருந்தார்கள். பெரும்பாலும் பட்டாசு வேலைக்குச் செல்லும் பெண்கள். மே மாதம் முடிவதற்குள் அவர்கள் வராவிட்டால், தங்கள் கணக்கிலிருந்து தாங்களே பணம் எடுக்க முடியாமல் போய்விடும்.

"ஜூன் பொறந்தா ஸ்கூல் தொறந்துரும்மா," என்றார் மேலாளர். "காலேஜ் ஃபீஸ் கட்டணும். எங்க துட்ட நாங்க எடுக்க முடியலையான்னு வந்து நிப்பாக. அவுக கேக்குறது நியாயம். அதுக்கு முன்னால வர வச்சிரணும். அம்புட்டுத்தான் ஒன் வேலை."

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய அறிவிப்பு ஒட்டியிருந்தது: வங்கியிலிருந்து பேசுவதாக யார் அழைத்தாலும் நம்பாதீர்கள். அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஊராரை அழைக்கத் தொடங்கினேன். இதில் ஏதோ பிசகு இருக்கிறதென்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

2. எடுக்காத போனும் எடுத்த போனும்

பகலில் அழைத்த எண்கள் எல்லாம் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து மேசை ஸ்டெல்லா மேடம்தான் காரணம் சொன்னார்கள். பாஸ்புக் பதிவும் படிவங்களும் அவர்கள் பொறுப்பு.

"பயர் ஆபீஸுக்குள்ள போன் கொண்டு போக முடியாது பிள்ள. வீட்டுலயோ கேட்டுலயோ ஆஃப் பண்ணி வச்சிட்டுத்தான் உள்ள போவாக. வேன் திரும்புன பெறகு பண்ணிப் பாரு."

பட்டாசு ஆலையை அங்கே எல்லாரும் பயர் ஆபீஸ் என்றே சொல்கிறார்கள். மறுநாளிலிருந்து மாலை வரை காத்திருந்து அழைத்தேன். என்ன பேசுவதென்று முன்கூட்டியே எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்திருந்தேன்: "வணக்கம். தங்கள் வங்கிக் கிளையிலிருந்து பேசுகிறேன். தங்கள் கணக்கின் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டியுள்ளது. இம்மாத இறுதிக்குள் தாங்கள் நேரில் வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பெரும்பாலோர் 'தங்கள் கணக்கின்' என்ற இடத்திலேயே வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் சிறுமி ஒருத்தி எடுத்து, "அம்மா, ஓடிபி அக்கா பேசுது!" என்று உற்சாகமாகக் கூவினாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டவர் ஒருவர்தான். முத்துமாரி என்று பெயர்.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"ஆம், அம்மா."

"இப்படித்தான் எங்க நாத்தனாகிட்டப் பேசி அக்கவுண்ட்ட வழிச்சு எடுத்தானுக. நீ என்ன, தமிழ நல்லாப் படிச்சிட்டு வந்து ஏமாத்துறியாக்கும்? வையி போன!"

மறுநாளும் அழைத்தேன். அதற்கும் மறுநாள் மணி அடிக்காமலே அழைப்பு துண்டிக்கப்பட்டது; என் எண்ணை அவர் தடுத்துவைத்துவிட்டார். அந்த வாரத்திலிருந்து ஊரில் வேறு யாரும் போனை எடுக்கவே இல்லை. மாதமோ முடிந்துகொண்டிருந்தது.

3. இடி

மே மாதக் கடைசி வாரத்தில், ஒரு பிற்பகல், வெயில் சட்டென்று மங்கி மேற்கில் இடி உருண்டது. ஸ்டெல்லா மேடம் சாப்பாட்டு டப்பாவை மூடினார்கள்.

"பேனாவ எடுத்து வையி. இப்பக் கூட்டம் வரும்."

இடி கேட்டால் ஆலையில் ஒரு நொடிகூட வேலை நடக்கக் கூடாது. அறைகளை விட்டு எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். மழை வலுத்தால் வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செய்யாத வேலைக்குக் கூலி கிடையாது. ஆனால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது அப்போது மட்டும்தான்.

சிறிது நேரத்தில், வீடு திரும்பும் வழியில் வேன்கள் வங்கி வாசலில் வந்து நின்றன. முழங்கைவரை அலுமினியப் பொடி மினுமினுக்கும் கைகளோடு பெண்கள் உள்ளே வந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒருவர் நேராக மேலாளரின் மேசைக்குப் போனார். இடது காலில் மட்டும் செருப்பு இருந்தது. வெடிமருந்து அறைக்குள் வெறுங்காலோடுதான் வேலை செய்வார்கள். செருப்புகள் வாசலில் கிடக்கும். இடிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிவந்ததில் வலது செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

"சார், ஒங்க பேங்குப் பேரச் சொல்லி ஒருத்தி போன் மேல போன் பண்ணுதா. நீங்க என்னான்னு கேக்க மாட்டீகளா?"

"என்னம்மா சொல்றா?"

"வெவரத்தப் புதுப்பிக்கணுமாம். வருகை தரணுமாம். எந்த ஊர்ல சார் வருகை தருமாறுன்னு பேசுறாக? கல்யாணப் பத்திரிகையிலதான் அப்படிப் போடுவாக!"

மேலாளர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ போன்ல பேசுறத இங்கன ஒருவாட்டி சொல்லு."

எழுந்து நின்றேன். கிளை முழுவதும் என்னைப் பார்த்தது. "வணக்கம். தங்கள் வங்கிக் கிளையிலிருந்து..."

"இவதான்! இதே கொரல்தான்! புடிங்க சார்!"

மேலாளர் பிடிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் பிடித்துவிட்டார். அவர் விரல்களின் பொடி என் மணிக்கட்டில் வெள்ளி வளையல்போல ஒட்டிக்கொண்டது.

"விடும்மா, விடும்மா! நம்ம பிள்ளதான். நாந்தான் பேசச் சொன்னேன்."

"நீங்களா?" போனில் என் பேச்சை முழுவதும் கேட்ட அதே முத்துமாரி, என் தலைக்குமேல் இருந்த அறிவிப்பைக் காட்டினார். "அப்ப நம்பாதீகன்னு எழுதி ஒட்டுனது யாரு?"

"அதுவும் நாங்கதான்," என்றார் மேலாளர்.

அங்கே எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஸ்டெல்லா மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

4. செருப்பு

முத்துமாரியின் கணக்கைப் பார்த்துவிட்டு மேலாளர் நிலைமையை விளக்கினார். முத்துமாரியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"மகளுக்கு மதுரையில நர்சிங் சீட்டு கெடைச்சிருக்கு சார். அடுத்த வாரம் பணம் கட்டணும். எடுக்க முடியாதுங்கீகளா?"

"இப்பக் கையெழுத்துப் போட்டுட்டா எடுக்கலாம்."

படிவத்தை நான்தான் நிரப்பினேன். கையெழுத்திட்டதும் அவர் வாசலுக்குப் போய் வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் ஊர்ப் பெண்கள் இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். ஆனால் என் பட்டியலில் பாதிக்கு மேல் மற்ற ஆலைகளுக்குப் போகும் பெண்கள்; அவர்கள் அந்த வேனில் இல்லை. அதை நான் சொன்னதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்த நம்பர எடுக்காதீகன்னு ஊரு பூராவும் நாந்தான பிள்ள சொல்லி வச்சிருக்கேன்!"

"நீங்களே திருப்பிச் சொல்லிவிடக் கூடாதா, அக்கா?"

"நேத்து வரைக்கும் நம்பாதன்னு சொன்னவ இன்னைக்கு நம்புன்னா, ஒனக்கு எம்புட்டுக் குடுத்தாகன்னு கேப்பாளுக. நானும் சொல்லணும், நீயும் சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போகணும்." சற்று யோசித்துக் காலைப் பார்த்தார். "நீ போன் பண்ணுனா எடுத்த எடுப்புல, முத்துமாரி ஒத்தச் செருப்போட பேங்குக்கு வந்தான்னு சொல்லு. அதச் சொன்னா நெச பேங்கு, சொல்லலைன்னா களவாணின்னு நான் ஊர்ல சொல்லிப்புடுறேன்."

மேலாளர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் உருவாக்கிய இந்தப் பாதுகாப்பு முறைக்கு மேலிடத்து அனுமதி வேண்டுமா என்று யோசித்தாரோ என்னவோ. "போன்ல எந்த நம்பரும் கேக்காத. நேர்ல வரச் சொல்றதோட நிறுத்திக்க," என்று மட்டும் சொன்னார். வேன்கள் திரும்பும் நேரம்வரை படிவ மேசையைத் திறந்து வைக்கவும் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மாலை முதல் எண்ணை அழைத்தேன்.

"வணக்கம். முத்துமாரி அக்கா ஒத்தச் செருப்போட பேங்குக்கு வந்தாக."

மறுமுனையில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு: "எந்தக் காலுல?"

"இடது."

"சரி, நாளைக்கு வாரேன்."

அதன்பின் ஒருவரும் பாதியில் வைக்கவில்லை. சிலர் செருப்பின் நிறத்தைக் கேட்டார்கள். ஒருவர் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, 'புடிங்க சார்' என்ற இடத்தில் வீட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். இவ்வளவு பேச எனக்கு வரும் என்பது எனக்குத் தெரியாது. மாதத்தின் கடைசி வேலை நாளில் ஸ்டெல்லா மேடம் படிவக் கட்டைத் தட்டி அடுக்கி, "ஒன் ஊரு முடிஞ்சது பிள்ள," என்றார்கள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். வங்கி நாள்தோறும் எதிரில் நிற்பவரிடம், நீங்கள் யார் என்பதற்குச் சான்று காட்டுங்கள் என்கிறது. அதே கேள்வியை அவர்கள் எங்களிடம் கேட்டபோது, கையில் காட்ட எங்களுக்கு ஒன்றுமில்லை. நான் பிழையின்றி எழுதிய நான்கு வாக்கியங்கள் அதற்குச் சான்றாகவில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் யாராவது உங்களைச் சந்தேகித்தால் வருந்தாதீர்கள். எதைச் சொன்னால் நம்புவீர்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். நான் அதைக் கேட்கக்கூட இல்லை. முத்துமாரி அக்காவே சொல்லிக்கொடுத்தார்.

ஜூன் முதல் வாரத்தில் அவர் மகளுடன் வந்து பணம் எடுத்தார். மகள் மதுரைக் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தை என்னிடம் காட்டினாள். அக்காவின் இரண்டு கால்களிலும் செருப்பு இருந்தது.

"கெடைச்சிருச்சா, அக்கா?"

"நம்ம ஊருக்காரிதான் மாத்தி மாட்டிட்டுப் போயிருக்கா." பணத்தை மகளிடம் கொடுத்துவிட்டு என் மேசையின்மீது குனிந்தார். "ஆனா நீ இனிமே போன் பண்ணுனாலும் ஒத்தச் செருப்புன்னே சொல்லு பிள்ள. ரெண்டுன்னு சொன்னா போன வச்சிருவாளுக."