வாசித்ததாகக் கொள்வோம்

அதிர்ச்சி என்றால் சும்மா அதிர்ச்சி இல்லை... இந்த வாரப் பத்தி முழுக்க அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம் குருநகரில் ஜெசிந்தா வீட்டில் இருந்தேன். என்னோடு படித்தவள். சலரோகத்தால், அதாவது சர்க்கரை நோயால், பார்வையை இழந்தவள். ஆனாலும் கிளினிக் திகதியைத் தானே போனில் பதிவாள். போன் கேள்வி கேட்கும், இவள் வாயால் பதில் சொல்வாள். யாருடைய தயவும் தேவையில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

அன்று பார்த்தால் கிளினிக்கின் இணையப் பக்கத்தைப் புதுப்பித்திருந்தார்கள்.

"வியாழன் காலை ஒன்பது மணி. உறுதி செய்யலாமா?" என்றது போன்.

"ஓம்," என்றாள். எங்கள் ஊரில் ஆம் என்பதற்கு ஓம்தான்.

"மன்னிக்கவும். பதில் கிடைக்கவில்லை."

"ஓம்!"

மூன்றாம் முறை வீடு அதிரக் கத்தினாள். அதற்குள் அந்த நேரம் வேறு யாருக்கோ போய்விட்டது.

"ஆமா எண்டு சொல்லிப் பாரன்," என்றேன்.

"ஏன்? கிளினிக்குக்குப் போக நான் படத்திலை வாற ஆக்கள் மாதிரிக் கதைக்கோணுமோ?" அவள் குரல் உடைந்தது. "இனி உதுக்கும் ஆரையேன் கூப்பிடத்தான் வேணும் போல."

எனக்கு மனம் கேட்கவில்லை. உடுப்பிட்டியில் இருக்கும் சுகந்திக்குப் போன் எடுத்தேன். இணையப் பக்கங்கள் கட்டுவதுதான் அவளுக்கு வேலை.

இணையத்துக்கென்று பொது விதிகள் உண்டாம். முதலில் வரைவாக எழுதி, உலகம் முழுக்கப் பார்க்கத் திறந்து வைப்பார்களாம். யாரும் ஆட்சேபனை போடலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். பதில் சொல்லாமல் ஒன்றையும் மூட முடியாதாம். தமிழில் எந்தெந்தச் சொல்லைச் சம்மதமாக எடுப்பது என்றும் அப்படியொரு வரைவு இருக்கிறது. கிளினிக் பக்கம் அதைத்தான் பரீட்சித்துப் பார்க்கிறது.

அதில் ஆம் உண்டு. ஆமா உண்டு. ஆமாங்க கூட உண்டு. ஓம்? 'வழிபாட்டுச் சொல். பதிலாகக் கொள்ள வேண்டாம்.'

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற ஜெசிந்தா மந்திரம் சொன்னாளாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உதை ஆர் பாத்துச் சரியெண்டு விட்டது? யாழ்ப்பாணத்திலை ஒருத்தரையும் கேக்கேல்லையோ?"

சுகந்தி தயங்கினாள். "கேட்டவை அக்கா. ஒராள் பாத்தவ... நீங்கள்தான்."

என்ன?!

பக்கத்தை அனுப்பினாள். பரிசீலித்தவர்கள் பட்டியலில் என் பெயர். எதிரே, 'ஆட்சேபனை இல்லை.'

வருடத் தொடக்கத்தில் அவள்தான் அந்த வரைவின் லிங்க் அனுப்பியிருந்தாள். நாற்பது பக்கம்... யார் வாசிப்பது? அவள் முகத்துக்காக உள்ளே போய், கடைசியில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டு வந்தேன்.

எங்கள் சங்கக் கூட்டங்களில் நடப்பதுதானே? செயலாளர் சென்ற கூட்ட அறிக்கையைக் கையில் எடுப்பார். 'வாசித்ததாகக் கொள்வோம்' என்று ஒரு குரல் வரும். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, ரோல்ஸும் தேநீரும் வந்துவிடும். அதே பழக்கத்தோடு உலகத்துக்கு விதி எழுதுகிற இடத்துக்கும் போயிருக்கிறேன்!

எங்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள் என்று எத்தனை முறை இந்தப் பத்தியில் புலம்பியிருப்பேன். கேட்டபோது நான் செய்த வேலையை எங்கே போய்ச் சொல்ல?

ஆட்சேபனை போட மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது. ஜெசிந்தா சொல்லச் சொல்ல, சுகந்தி அவள் பெயரிலேயே பதிந்தாள். என் திருவிளையாடலைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. சுகந்தியையும் விட விடவில்லை.

நேற்றுப் பதில் வந்தது. நான் பக்கத்தில் இருக்க, ஜெசிந்தாவின் போன் அதைச் சத்தமாக வாசித்தது.

"ஆட்சேபனைக்கு நன்றி. திருத்த விரும்புகிறோம். ஆனால் உங்கள் ஊரைச் சேர்ந்த ஒருவர் ஏற்கெனவே ஆட்சேபனை இல்லை என்று பதிந்திருக்கிறார். அவருடைய விளக்கமும் எங்களுக்குத் தேவை."

பிறகு என் பெயரை எழுத்துப் பிசகாமல் வாசித்தது.

ஜெசிந்தா என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஜெசி... நான் அதை வாசிக்கேல்லையடி."

போனை என் கையில் வைத்தாள்.

"அதை அப்பிடியே எழுது. அனுப்ப முன்னம் ஒருக்கா வாசி."