நான் முறுக்கிய ஹேண்ட்பிரேக்

நான் பள்ளியை விட்டபோது, "கவலப்படாத, வண்டி வேல கத்துக்கோ, நான் இருக்கேன்" என்றவர் டாக்ஸி ஓட்டும், என்னைப் பெற்ற அத்தாதான்.

இன்று வீட்டு வாசலிலேயே எங்கள் காரின் ஹேண்ட்பிரேக்கை நானே சரிசெய்தேன். லிவருக்கு அடியில் இருந்த நட்டை முறுக்கினேன், தளர்ந்துபோன கேபிள் இறுகியது.

அந்தக் காரிலேயே தாம்பரம் ஸ்டேஷன் சவாரி போய்வந்த அத்தா, எங்கள் சரிவான தெருவில் ஹேண்ட்பிரேக் போட்டு அதை நிறுத்தினார். அது அசையவில்லை.

"சபாஷ்டா! மெக்கானிக்லாம் தோத்தான் போ" என்று என் பக்கத்தில் நின்ற அண்ணனைத் தட்டிக்கொடுத்தார்.

"நான் இல்லத்தா, தங்கச்சிதான் பண்ணிச்சு."

"அப்டியாம்மா? நல்லா கீதே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஒரு செங்கல்லைத் தேடி எடுத்துவந்து, பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

நான் உள்ளே வந்துவிட்டேன்.

அண்ணன் முறுக்கியதாக அத்தா நினைத்த வரை நின்ற கார், நான் முறுக்கியது தெரிந்ததும் ஓடிவிடுமா? கார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.