புள்ளி இல்லாத அப்பா

கும்மிடிப்பூண்டியில் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் நான் டிசைன் வேலை பார்க்கிறேன். ஒருநாள் ஒரு லாரி டிரைவர் வந்தார். எதையும் தொடுமுன் துண்டில் விரலைத் துடைத்துக்கொள்கிறவர். அவர் செல்போனில் ஒரு படம் இருந்தது. லாரிக் கண்ணாடியின் தூசியில் அவர் மகள் விரலால் ‘அபபா’ என்று எழுதியிருந்தாள். அதை ஸ்டிக்கராக வெட்டித் தரச் சொன்னார்.

தூசியை நீக்கி, எழுத்தின் கோடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டினேன். “புள்ளி விட்டுப்போச்சுண்ணா, வெச்சிடட்டுமா?”

“வேணாம்மா. அவ வெக்கறதுக்குள்ள நான் வண்டிய எட்த்துக்கினு பூட்டேன். லோடு அவசரம். திரும்பி வர்றதுக்குள்ள ஜுரம் வந்து அவ பூட்டா.”

வெட்டிக் கொடுத்ததை அவரே கண்ணாடியில் ஒட்டினார். பிறகு வண்டியில் ஏறி, எஞ்சினைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் பெயரையாவது நான் கேட்டிருக்கலாம்.